எல்.டி.எல். சரியாக இருந்தும் ஏன் ஆபத்து?

இரண்டாம் வகை சர்க்கரை நோயாளியின் பரிசோதனைத் தாளில் எல்.டி.எல். 100 என்றே இருக்கலாம். கெட்ட கொழுப்பு கட்டுக்குள் இருக்கிறது என்று தாளை மடித்து வைத்துவிடுவார்கள். மாரடைப்பு ஆபத்து அதற்காகக் குறைந்துவிடுவதில்லை.

இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது, கொழுப்புத் திசுக்கள் கொழுப்பு அமிலங்களைப் பிடித்துவைக்க முடியாமல் ரத்தத்தில் விட்டுவிடுகின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாக்கி, வி.எல்.டி.எல். துகள்களில் ஏற்றி அனுப்புகிறது. இவை வழியில் எல்.டி.எல்., நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். இரண்டோடும் பண்டமாற்று செய்கின்றன: டிரைகிளிசரைடைக் கொடுத்து, கொலஸ்டிராலை வாங்கிக்கொள்கின்றன. டிரைகிளிசரைடு ஏறிய எச்.டி.எல். சீக்கிரம் சிதைந்து குறைகிறது. எல்.டி.எல்.லிலோ, அந்த டிரைகிளிசரைடைக் கல்லீரல் நொதி ஒன்று கரைத்துவிட, துகள் சிறுத்து அடர்த்தியாகிறது.

கணக்கு ஏமாற்றுவது இங்கேதான். தாளில் இருப்பது துகள்களுக்குள் உள்ள கொலஸ்டிராலின் எடை. சிறுத்த துகளில் கொலஸ்டிரால் குறைவு; அதே 100 மில்லிகிராமைச் சுமக்க அதிகத் துகள்கள் வேண்டும். தமனிச் சுவருக்குள் நுழைந்து தங்குபவை அந்தத் துகள்களே.

எல்.டி.எல்., வி.எல்.டி.எல். துகள் ஒவ்வொன்றிலும் அப்போ-பி புரதம் ஒன்றே ஒன்று. ஆகவே அதை அளந்தால் துகள்களின் எண்ணிக்கை தெரிந்துவிடும். அந்தப் பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. பரவாயில்லை, காசில்லாத வழியும் உண்டு: மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழியுங்கள். மொத்தம் 190, எச்.டி.எல். 35 என்றால் மீதி 155; அப்போ-பி உள்ள துகள்கள் எல்லாம் சேர்ந்து சுமக்கும் கொலஸ்டிரால் இது. எல்.டி.எல். இலக்கு 100 என்றால் இந்த மீதிக்கு இலக்கு 130; இதய நோய் ஏற்கெனவே வந்தவர்களுக்கு இன்னும் குறைவு.