2,000 ரூபாய் வாட்ச்: எந்த எண்ணை நம்பலாம்?

பண்டிகைத் தள்ளுபடியில் 1,500 ரூபாய்க்கு விற்கும் ஸ்மார்ட்வாட்ச் ஒன்றின் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படித்தால் பட்டியல் நீள்கிறது. நடந்த அடிகள், இதயத் துடிப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன், தூக்கம், மன அழுத்தம், செலவான கலோரி, நூறு வகை விளையாட்டுகள். சில வாட்சுகள் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. அம்மாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்க நினைக்கும் மகளுக்கும், டாக்டர் நடக்கச் சொன்னதால் கடைக்குப் போகும் ஐம்பது வயதுக்காரருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான்: இதில் எது நிஜம்?

சில எண்களை நம்பலாம். சில, தோராயம். சில, வெறும் அலங்காரம். மூன்றையும் ஒரே திரையில், ஒரே அளவு எழுத்தில், ஒரே நிச்சயத்தோடு காட்டுவதுதான் இந்தக் கருவிகளின் பெரிய குறை. பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு 2,000 ரூபாய் வாட்ச் நல்ல துணை. தெரியாதவருக்கு அது வீண் பயத்தைத் தரும். அதைவிட மோசமாக, வீண் தைரியத்தைத் தரும்.

இந்த விலைக்கு வழி திறந்தது ஷாவ்மியின் மி பேண்ட். 2014இல் சீனாவில் வந்து, மறு ஆண்டு இந்தியாவில் 999 ரூபாய்க்கு விற்பனையானது. அதில் திரையே கிடையாது; மூன்று சின்ன விளக்குகள் மட்டும். அடுத்து நாய்ஸ், போட், ஃபயர்-போல்ட் போன்ற இந்திய பிராண்டுகள் பெரிய வண்ணத் திரையோடு 1,000 முதல் 3,000 ரூபாய்க்குள் சந்தையை நிறைத்தன. ஐடிசி நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஸ்மார்ட்வாட்சுகள் ஐந்து கோடிக்கும் மேல். 2024இல் அது சுமார் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. முதல் வாட்சை வாங்கியவர்கள் அடுத்ததற்கு அவசரப்படவில்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

அப்படியானால் வாங்குவது வீணா? இல்லை. 2022இல் ‘லான்செட் டிஜிட்டல் ஹெல்த்’ இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட தொகுப்பாய்வு, சுமார் 1,64,000 பேர் பங்கேற்ற ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. இத்தகைய கருவி அணிந்தவர்கள் சராசரியாக நாளுக்கு 1,800 அடியும் சுமார் 40 நிமிடமும் கூடுதலாக நடந்தார்கள். எடை ஒரு கிலோ அளவுக்குக் குறைந்தது. வயதுவந்த இந்தியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதுமான உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று 2024இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ கட்டுரை சொன்னது. அந்த நிலையில் தினமும் 40 நிமிட நடை என்பது பெரிய லாபம். அதைக் கொடுப்பது பெட்டியில் இருக்கும் முதல் வரி மட்டுமே: அடிக் கணக்கு.

வாட்ச் காலைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறது. உள்ளே இருக்கும் ஆக்ஸிலரோமீட்டர் என்ற சின்னச் சில்லு கையின் அசைவை மூன்று திசைகளில் அளக்கிறது. நடக்கும்போது கை ஒரு தாளத்தில் வீசுவதால், அந்தத் தாளத்தை மென்பொருள் அடிகளாக எண்ணிக்கொள்கிறது. கையை வீசி நடக்கும் வரை மலிவு வாட்சும் ஓரளவு சரியாகவே சொல்லும். இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு சந்தையிலிருந்து திரும்பினால், பேரனை வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால், ட்ரெட்மில்லின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நடந்தால், அடிகள் குறையும். சப்பாத்தி தேய்த்தாலோ துணி கும்மினாலோ உட்கார்ந்த இடத்திலேயே அடிகள் கூடும். குண்டும் குழியுமான சாலையில் டூவீலர் ஓட்டினாலும் அப்படித்தான். பத்துப் பன்னிரண்டு அடி தொடர்ந்து விழுந்த பிறகே எண்ணத் தொடங்கும்படி சில வாட்சுகளை அமைத்திருக்கிறார்கள். அதனால் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நாள் முழுவதும் நடக்கும் இல்லத்தரசியின் குட்டி நடைகள் கணக்கில் விழாமல் போவதுண்டு. வேலை செய்தது அவர். அது வாட்சுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தினமும் 10,000 அடி என்ற இலக்கும் மருத்துவர் வகுத்ததல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு ஜப்பானில் நடைப்பயிற்சி ஆர்வம் பெருகியபோது, யமாசா என்ற நிறுவனம் 1965இல் இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை அந்த எண்ணோடு சந்தைக்குக் கொண்டுவந்தது. எண் நிலைத்துவிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஐ-மின் லீ தலைமையில் 2019இல் வெளியான ஆய்வு, சராசரியாக 72 வயதான 16,741 அமெரிக்கப் பெண்களைக் கவனித்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்குமேல் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே முழங்கால் வலியோடு 5,000 அடி நடக்கும் பாட்டியிடம், இலக்கு எட்டவில்லை என்று வாட்ச் சொன்னால் அவர் மனம் தளர வேண்டியதில்லை. ஆப்பைத் திறந்து இலக்கை 6,000 என்று மாற்றிவிடலாம்.

அடுத்தது இதயத் துடிப்பு. வாட்சைத் திருப்பினால் அடியில் பச்சை விளக்கு மின்னுவது தெரியும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலுக்கடியில் ரத்தம் கொஞ்சம் கூடுதலாகப் பாய்கிறது. அந்த நொடியில் திரும்பி வரும் ஒளி குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பு எவ்வளவு என்று சொல்கிறது. முறை நல்ல முறைதான், ஆனால் ஏமாறக்கூடியது. வாட்சைக் கழற்றிக் கழிவறைக் காகிதச் சுருளில் கட்டினாலும் துடிப்பு காட்டுகிறது என்று சில ஆண்டுகளுக்கு முன் சீன இணையத்தில் பெரும் பேச்சு எழுந்தது. சென்சாருக்குக் கையும் காகிதமும் ஒன்றே. திரும்பி வரும் ஒளியில் ஏதாவது ஒரு தாளத்தை மென்பொருள் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

ஓடும்போதும் இதே சிக்கல் வருகிறது. கை குலுங்கும் வேகமும் பட்டை ஆடும் வேகமும் ஒளியில் கலந்துவிட, இதயம் நிமிடத்துக்கு 130 முறை துடிக்கும்போது வாட்ச் கால் விழும் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு 165 என்று காட்டலாம். தீவிரமாக ஓடிப் பழகுபவர்கள் இன்றும் மார்பில் கட்டும் பட்டையை விடாததற்குக் காரணம் இதுதான். ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இல் கொண்டுவந்த கம்பியில்லா மார்புப்பட்டை, இதயத்தின் மின்னோட்டத்தையே நேரடியாகப் பிடிக்கும்.

ஆனால் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் மணிக்கட்டு ஆடாது. அந்த நேரத்து அளவீடு மலிவு வாட்சிலும் பெரும்பாலும் நம்பத்தக்கது. ஓய்வில் துடிப்பு 60 முதல் 100 வரை இருப்பது பெரியவர்களுக்கு இயல்பு. அந்த எண் வாரக்கணக்கில் எப்படிப் போகிறது என்பதே வாட்ச் தரும் அருமையான தகவல். காய்ச்சல் வருவதற்கு முன்பும், தூக்கம் கெடும்போதும் அது ஏறும். மாதக்கணக்கில் ஒழுங்காக நடந்தால் மெல்ல இறங்கும். ஒருநாள் எண்ணுக்கு மதிப்பு குறைவு. போக்கைப் பார்க்க வேண்டும். வாட்ச் தளர்ந்து கிடந்தால் இதுவும் போச்சு. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவுக்கு இறுக்கமாக, தோலில் தடம் பதியாத அளவுக்குத் தளர்வாகக் கட்ட வேண்டும்.

கலோரிக்கு வருவோம். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிள், சாம்சங், ஃபிட்பிட் உள்பட ஏழு கருவிகளை 60 பேருக்குக் கட்டி நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் விட்டார்கள். இதயத் துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியில் எதுவுமே தேறவில்லை. மிகச் சரியானதே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். அவை விலை உயர்ந்த வாட்சுகள். 1,500 ரூபாய் வாட்ச் 300 கலோரி எரிந்ததாகச் சொன்னதை நம்பி இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டால் எடை குறையாது.

ஆக்சிஜன் அளவில் இன்னும் கவனம் தேவை. இதன் மூலத் தத்துவத்தை 1970களில் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி. கொரோனாக் காலத்தில் நம் வீடுகளுக்கு வந்த விரல் கவ்வி அவர் வழியில் ஒளியை விரலுக்கு ஊடாகச் செலுத்தி அளக்கிறது. மணிக்கட்டில் அப்படிச் செலுத்த முடியாது. பட்டுத் திரும்பும் ஒளியை வைத்தே கணக்கிட வேண்டும். அதில் பிழை கூடும். விரல் கவ்வியே கறுத்த தோலில் தவறுவதுண்டு: ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்ததைக் கருவி தவறவிட்டது, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020இல் எழுதினார்கள். மாநிறமும் கறுப்பும் இயல்பான நம் ஊரில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. மூச்சுத் திணறுகிறவரின் கையில் வாட்ச் 98 காட்டினால் வாட்சை நம்பாமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

ரத்த அழுத்தம்? வெறும் ஒளியை மட்டும் வைத்துப் பிரஷர் காட்டும் மலிவு வாட்சின் எண்ணுக்கு எந்த மதிப்பும் கொடுக்க வேண்டாம். பல மடங்கு விலையுள்ள சாம்சங் வாட்சிலேயே, கையில் பட்டை கட்டும் உண்மையான மெஷினோடு 28 நாளுக்கு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிசெய்தால்தான் இந்த வசதி வேலை செய்யும். சர்க்கரை அதைவிடக் கவலைக்குரியது. தோலைக் குத்தாமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்சையும் மோதிரத்தையும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படி ஒன்றுக்குக்கூட அது அனுமதி தந்திருக்கவில்லை. சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் முன்னின்று நடத்திய ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. தவறான எண்ணைப் பார்த்து ஒருவர் இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து.

தூக்கத்தில் எத்தனை மணிக்குப் படுத்தோம், எத்தனை மணிக்கு எழுந்தோம் என்பதை வாட்ச் ஓரளவு சரியாகப் பிடிக்கும். ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்பது ஊகம். தூக்க மதிப்பெண் குறைந்ததைப் பார்த்தே தூக்கம் கெடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் இரவில் வாட்சைக் கழற்றி வைப்பது நல்லது.

இனி அன்றாடப் பாடு. விளம்பரத்தில் ஏழு நாள் சார்ஜ் என்றால், இதயத் துடிப்பை இடைவிடாமல் அளந்து, ப்ளூடூத் காலில் பேசவும் செய்தால் அதில் பாதி நின்றாலே நல்லது. பேசுவதற்குக் கையில் போன் இருக்கிறது. அந்த வசதிக்காகக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை. சார்ஜர் கேபிள் பெரும்பாலும் அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்தும். தொலைந்தால் கிடைக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஐபி68 என்று போட்டிருந்தால் மழையும் வியர்வையும் பாதிக்காது. நீச்சலுக்கு 5 ஏடிஎம் என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும். சுடுதண்ணீரும் சோப்பும் பொதுவாக வாட்சுக்கு நல்லதல்ல. சித்திரை வெயிலில் திரை தெரியாத வாட்ச் காலை நடைக்கு உதவாது. கடைக்கு வெளியே கொண்டுபோய்ப் பார்த்துவிட வேண்டும். வாட்சப் செய்தி தமிழில் வந்தால் சில வாட்சுகளில் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வரும். அம்மாவுக்கு வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

ஆப் கேட்கும் அனுமதிகளையும் பார்க்க வேண்டும். உலகெங்கும் பயனர்கள் ஓடிய தடங்களை ஸ்ட்ராவா ஆப் வரைபடமாக வெளியிட, அதில் ராணுவ முகாம்களின் இருப்பிடமே தெரிந்துபோனதை 2018இல் உலகம் பார்த்தது. அடி எண்ணும் ஆப்புக்கு நம் போனில் உள்ள தொடர்பு எண்கள் எதற்கு? மறுத்துவிடலாம்.

வாங்கியபின், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மூன்று சோதனை போதும். மனதுக்குள் எண்ணியபடி 500 அடி நடந்து பாருங்கள். 475 முதல் 525க்குள் காட்டினால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கழுத்து நாடியில் விரல் வைத்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள்; வாட்ச் ஐந்துக்குமேல் தவறக் கூடாது. தூரத்துக்கு, ஊரில் உள்ள 400 மீட்டர் ஓடுதள மைதானத்தின் உள்வட்டத்தில் ஐந்து சுற்று, அதாவது இரண்டு கிலோமீட்டர், நடக்கலாம். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் குறித்திருக்கும் 8 கிலோமீட்டர் நடைபாதையும் இதற்கு உதவும். ஜிபிஎஸ் இல்லாத வாட்ச் உயரத்தை வைத்து அடியின் நீளத்தை ஊகிப்பதால் தூரத்தில் கொஞ்சம் தவறத்தான் செய்யும். போனைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தால், அதன் ஜிபிஎஸ்ஸைப் பயன்படுத்தும் வாட்சில் இந்தக் குறை தீரும்.

நடக்க ஒரு தூண்டுதல் வேண்டும், ஓய்வுத் துடிப்பைக் கவனிக்க வேண்டும் என்பவர்களுக்கு 2,000 ரூபாய் வாட்ச் போதும். கூடுதல் வசதிகளைப் பார்த்து 5,000க்குப் போக அவசியமில்லை. உள்ளூரில் சர்வீஸ் சென்டரும் ஓராண்டு வாரண்டியும் உள்ள பிராண்டாக இருக்கட்டும். வீட்டில் யாருக்காவது ரத்த அழுத்தம் இருந்தால் மட்டும் வரிசையை மாற்றுங்கள். ஏறக்குறைய இதே விலைக்கு, மேல்கையில் பட்டை கட்டி அளக்கும் பிரஷர் மெஷின் மருந்துக் கடையில் கிடைக்கிறது. முதலில் அதை வாங்குங்கள்; வாட்சை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.