முதல் பிழையிலேயே நிற்கட்டும்!

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே இன்று சாப்ட்வேர் நிறுவனங்களும் இயங்குகின்றன. அப்படி ஓர் இடத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கும் எங்கள் தெரு இளைஞரிடம், "அப்படி என்னதான் தம்பி டெஸ்ட் செய்வீர்கள்?" என்று கேட்டேன். ஒரு புரோகிராமைச் சோதிக்க நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன டெஸ்ட்களை எழுதி வைத்துவிடுவார்களாம். கம்ப்யூட்டரே அவற்றை வரிசையாக ஓட்டிப் பார்த்துக் கொள்ளும். பைடெஸ்ட் என்ற சாதனத்தில், கட்டளையுடன் மைனஸ் குறியும் எக்ஸ் எழுத்தும் சேர்த்தால், முதல் டெஸ்ட் தோற்றதுமே ஓட்டம் நின்றுவிடும்.

"லாகின்னே ஆகலைன்னா அதுக்கப்புறம் வர்ற ஐம்பது டெஸ்ட்டும் பெயில்தான் சார். ஓட்டி என்ன புண்ணியம்?" என்றார்.

இது நமக்கு எதற்கு என்கிறீர்களா? உங்கள் பிசியும் தினமும் இதைத்தான் செய்கிறது. பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸ் வருவதற்கு முன்பே 'போஸ்ட்' என்ற சோதனை நடக்கிறது. பவர் ஆன் செல்ப் டெஸ்ட் என்பதன் சுருக்கம். 1981ல் வந்த ஐபிஎம் பிசியிலேயே இது உண்டு. பிராசசர், ராம் மெமரி, டிஸ்பிளே என்று வரிசையாகப் பார்க்கும். ராம் சரியில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். அந்த நேரத்தில் திரை இன்னும் உயிர் பெற்றிருக்காது. அதனால்தான் 'பீப்' ஒலி. இப்போதைய மதர்போர்டுகள் பலவற்றில் ஒலிக்குப் பதிலாகக் குட்டி விளக்கு எரியும்.

ராக்கெட்டிலும் இதே கதைதான். ஸ்ரீஹரிகோட்டாவில் 2001 மார்ச் 28 அன்று முதல் ஜிஎஸ்எல்வி கிளம்ப ஒரு விநாடியே இருந்தது. பக்கவாட்டு இன்ஜின் ஒன்றில் போதிய உந்துவிசை இல்லை என்று கண்ட கம்ப்யூட்டர், தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. ராக்கெட் பிழைத்தது. மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 18ல் பறந்தது.

எனவே பீப் கேட்டால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். எத்தனை முறை, நீளமா குட்டையா என்று எண்ணுங்கள். அர்த்தம் பயாஸுக்குப் பயாஸ் மாறும். மதர்போர்டு கையேட்டில் இருக்கும். "போர்டு போச்சு சார்" என்று யாராவது சொன்னதும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடினால் சில ஆயிரங்கள் வீண்.

ராம் மீது சந்தேகமா? மெம்டெஸ்ட்86+ இலவசமாகக் கிடைக்கிறது. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பிசியைத் துவக்குங்கள். முழுச் சோதனை மணிக்கணக்கில் ஓடும். ஆனால் பிழை என்று ஒரே ஒரு வரி வந்தாலும் போதும்; எஸ்கேப் கீயை அழுத்தி வெளியே வந்துவிடலாம். மின் இணைப்பை எடுத்துவிட்டு, ராம் கார்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதியுங்கள். ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள். சில சமயம் குற்றவாளி அதுதான்.

ஹார்ட் டிஸ்க்கை 'செக் டிஸ்க்' மூலம் சோதிக்கும்போது மட்டும் பாதியில் நிறுத்தாதீர்கள். அங்கே ஓர் இடம் கெட்டிருந்தால் அடுத்த இடமும் கெட்டது என்று அர்த்தமில்லை. கெட்ட இடங்கள் அத்தனையும் தெரிந்தால்தான் விண்டோஸ் அவற்றை ஒதுக்கி வைக்க முடியும்.