நிலா மறைத்தால்தான் தெரியும்

கட்டபெட்டில் பௌர்ணமி நிலா கண்ணில் படுமா என்பது பனிமூட்டத்தின் கையில் இருக்கிறது. தேயிலைச் சரிவுக்கு மேலே பளிச்சென்று நிற்கும். சற்று நேரத்தில் எதிரே இருக்கும் சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாது. ஆனால் இதே நீலகிரியில், ஊட்டியை அடுத்த முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிக்கு மூட்டம் ஒரு பொருட்டே இல்லை. அது வாங்குவது சுமார் 92 செ.மீ. அலைநீளமுள்ள ரேடியோ அலைகளை. பனியையும் மேகத்தையும் அவை தாண்டி வந்துவிடும். பகல், இரவு பேதமும் கிடையாது.

அதைக் கட்டியதே நிலாவை நம்பித்தான்.

நிலா நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. அதன் விட்டம் 3,474 கி.மீ. பூமியை ஒருமுறை சுற்ற 27.3 நாள் ஆகிறது. அதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றி நகர்ந்துவிடுவதால், ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29.5 நாள். விண்மீன்களின் பின்னணியில் பார்த்தால், நிலா ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய தன் அகலத்துக்குக் கிழக்கே நகர்கிறது. வளர்பிறை நாளில் இருண்ட விளிம்புக்கு அருகே ஒரு விண்மீன் இருந்தால், பைனாகுலரில் பாருங்கள். அது மெல்ல மங்காது, சட்டென்று அணைந்துவிடும். நிலாவில் காற்று மண்டலம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஒளியைக் கலைக்க ஏதுமில்லாததால் விளிம்பு அத்தனை கூர்மை.

ரேடியோ அலைகளை வீசும் தொலைதூர விண்பொருள்களுக்கும் இதே கதிதான். 1962-இல் சிரில் ஹசார்டும் சக ஆய்வாளர்களும் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில், நிலா 3சி 273 என்ற ரேடியோ மூலத்தை மறைத்த கணத்தை அளந்து அதன் இடத்தைத் துல்லியமாகக் குறித்தார்கள். மறு ஆண்டே அது வெகுதொலைவிலுள்ள குவாசார் என்பது மார்ட்டின் ஷ்மிட்டின் ஆய்வில் தெரிந்தது. இதைப் படித்த ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்புக்கு, நிலாவையே நாள்தோறும் பின்தொடரும் பெரிய தொலைநோக்கி ஒன்று வேண்டும் என்று தோன்றியது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அந்தத் தொலைநோக்கி 1970-இல் முத்தோரையில் இயங்கத் தொடங்கியது.

ஏன் முத்தோரை? அங்கேதான் இந்தக் கதையின் அழகு. அந்த இடம் வடக்கே சுமார் 11 பாகை அட்சரேகையில் இருக்கிறது. மலைச்சரிவும் வடக்கு தெற்காக 11 பாகை சாய்ந்திருக்கிறது. அந்தச் சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலமுள்ள தொலைநோக்கியைக் கிடத்தியதும் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. பூமி சுழல்வதற்கு எதிராக அந்த ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே போனால், வானில் ஒரு புள்ளியை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் விடாமல் தொடரலாம். மலையே பாதி வேலையைச் செய்துவிட்டது.

நெருங்கிப் பார்த்தால் தட்டு என்று ஒன்று இருக்காது. இரும்புச் சட்டங்களின் மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய சுமார் 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள்தான் அலைகளைத் திருப்பி அனுப்பும் பரப்பு.

நிலாவின் விளிம்பு ஒரு மூலத்தை நெருங்கும்போது, பதிவாகும் அலை ஏறி இறங்கித் துடித்துவிட்டு விழும். அந்தத் துடிப்பின் வடிவத்திலேயே மூலத்தின் அளவும் அமைப்பும் இருக்கும். தொலைநோக்கி தனியாகப் பிரித்தறிய முடியாத நுணுக்கத்தை நிலா தந்தது. இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்கள் ஆராயப்பட்டன. மங்கலானவை சராசரியாகச் சிறிதாகத் தோன்றுவதை விஜய் கபாஹியும் ஸ்வரூப்பும் கண்டார்கள். பிரபஞ்சம் காலந்தோறும் மாறிவந்திருக்கிறது என்ற கருத்துக்கு அது வலு சேர்த்தது.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. சூரியனின் பாதையிலிருந்து நிலாவின் பாதை சுமார் 5 பாகைதான் சாய்ந்திருக்கிறது. சூரியனின் பாதையை ஒட்டிய அந்தக் குறுகிய பட்டைக்கு வெளியே உள்ளதை நிலா ஒருநாளும் மறைக்காது.

ஊட்டியிலேயே உள்ள கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடமும் நிலாவின் உதவியைப் பெற்றிருக்கிறது. எல்லாத் திசையிலிருந்தும் வரும் காஸ்மிக் கதிர்களில் நிலாவின் திசையில் மட்டும், அது தடுத்துவிடுவதால், ஒரு குறைவு விழுகிறது. அந்த நிழல் எங்கே விழுகிறது, எவ்வளவு அகலம் என்பதை அளந்துதான், தங்கள் உணரிகள் திசையை எவ்வளவு சரியாகக் காட்டுகின்றன என்று அங்குள்ளவர்கள் சோதித்துக்கொண்டார்கள்.