வேப்பெண்ணெய் கருக்கிய செடிகள்

கீழ்புத்துப்பட்டு, மரக்காணம் பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடித்த மறுநாளே கத்தரி, மிளகாய் இலைகள் ஓரம் கருகி நிற்கிறதா? இயற்கை மருந்துதானே என்று அளவைக் கூட்டினால் இப்படித்தான் ஆகும். எண்ணெய் இலையின் சுவாசத் துளைகளை அடைத்துவிடும்; அதன்மேல் வெயில் பட்டால் இலை வெந்துபோகும்.

உப்பளக் கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணெயைத் தண்ணீரில் கலக்கச் சேர்க்கும் சோப்பு உவர் தண்ணீரில் சரியாகக் கரையாது, திரிந்துவிடும். எண்ணெயும் கலக்காமல் மேலே மிதக்கும். கடைசியில் தெளிக்கும் சில செடிகளின்மேல் வெறும் எண்ணெயே விழும். அதனால் கரைசலுக்கு நல்ல தண்ணீரோ மழைநீரோதான் வேண்டும்.

கருகிய செடியைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வெயில் தாழ்ந்ததும் இலையின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தொட்டிச் செடியை நிழலுக்கு மாற்றுங்கள். கருகிய இலைகளை ஒரே நாளில் கிள்ளிவிட வேண்டாம். பச்சை மிச்சமிருக்கும் இலைதான் செடிக்குச் சோறு போடுகிறது. புதுத் துளிர் வரும்வரை உரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

எண்ணெய்க்குப் பதிலாக வேப்பங்கொட்டைக் கரைசல் அடிப்பதானால், அதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது 5 சதவீதம். அதாவது லிட்டருக்கு 50 கிராம் பருப்பு. எதை அடித்தாலும் முதலில் இரண்டு இலையில் தெளித்து, ஒருநாள் பார்த்துவிட்டு, மாலையில் அடியுங்கள்.