கை நடுங்காத அளவு

"ஸ்கேன் எடுத்துப் பாத்தாச்சு, மூளையில ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க." சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் மனநோயாளி இருக்கும் வீடுகளில் கேட்கிற பேச்சு இது. காதில் குரல் கேட்கிறது என்னும் மகனையோ, சோற்றில் யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று தட்டைத் தள்ளிவிடும் மருமகளையோ மதுரைக்கு அழைத்துப்போய், வாரச் சம்பளத்தோடு வட்டிக்கும் வாங்கி எடுத்த எம்.ஆர்.ஐ. படம். கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை. அப்படியானால் பிள்ளை நடிக்கிறான். இல்லையென்றால் இது கோடாங்கி பார்க்க வேண்டிய விஷயம். இரண்டில் ஒரு முடிவுக்கு வீடு வந்துவிடுகிறது. இரண்டுமே தவறு.

வழக்கமான எம்.ஆர்.ஐ. காட்டுவது மூளையின் கட்டுமானத்தை. இப்படிக் குரல் கேட்பதும் வீண் சந்தேகம் வருவதுமான மனச்சிதைவு நோயில் கோளாறு பெரும்பாலும் நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள்களில், முக்கியமாக டோபமைனில் இருக்கிறது. அதைப் பார்க்க வேறு கருவி வேண்டும். அதுதான் பெட் ஸ்கேன். 1983-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹென்றி வாக்னர் என்ற மருத்துவர் தன் மூளையையே அதற்குக் கொடுத்து, உயிருள்ள மனிதனின் மூளையில் டோபமைன் வந்து ஒட்டும் இடங்களை, அதாவது டோபமைன் ஏற்பிகளை, படமாக எடுக்க வைத்தார்.

செய்முறை இதுதான். கதிரியக்கக் கார்பன் சேர்த்த ஒரு பொருளை மிகச் சிறிய அளவில் ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள். அது டோபமைன் ஏற்பிகளைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. அங்கிருந்து கிளம்பும் கதிரைத் தலையைச் சுற்றியுள்ள வளையம் பிடித்துப் படமாக்குகிறது. நோயாளி ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டிருந்தால், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்ததுபோல அந்த மாத்திரை முன்பே ஏற்பிகளில் உட்கார்ந்திருக்கும். ஊசிப் பொருளுக்கு இடம் கிடைக்காது, படம் மங்கும். எவ்வளவு மங்கியது என்பதை வைத்து, மாத்திரை எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

இந்தக் கணக்குதான் மனநல மருத்துவத்துக்குக் கிடைத்த பெரிய கொடை என்பேன். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் லார்ஸ் ஃபார்டே 1980-களில் இதைத் தொடங்கினார். டெல்லி எய்ம்ஸில் மருத்துவம் படித்துக் கனடா போன ஷிதிஜ் கபூரும் அவருடைய குழுவும் டொராண்டோவில் முதல்முறை நோய் கண்ட 22 பேருக்கு ஹாலோபெரிடால் மாத்திரை கொடுத்துப் பார்த்து, 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் நிரம்பினால் நோய் தணியத் தொடங்குகிறது. 78 சதவீதத்தைத் தாண்டினால் கை நடுக்கமும் உடல் விறைப்பும் வருகின்றன. அவர்கள் முதலில் கொடுத்தது நாளுக்கு ஒன்று அல்லது இரண்டரை மில்லிகிராம். அதற்கு முன்பு பத்து, இருபது மில்லிகிராம் கொடுப்பது சர்வசாதாரணம்.

இந்த இரண்டு எண்களும் சிவகாசிக்கு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் அறை தீப்பிடிக்க உராய்வு ஒன்று போதும். கை நடுங்குகிறவரையும் கண் சொக்குகிறவரையும் அங்கே யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், வைத்துக்கொள்ளவும் கூடாது. மாத்திரை போட்டால் வேலை போகும், வேலை போனால் அடுப்பு எரியாது என்று நோயாளி தானாகவே மாத்திரையை நிறுத்துகிறார். சில மாதங்களில் நோய் திரும்புகிறது, முன்னைவிடக் கடுமையாக. நிறுத்துவதற்குப் பதில், "கை நடுங்குது, அளவைக் குறைக்க முடியுமா?" என்று டாக்டரிடம் கேட்டிருக்கலாம். மாத்திரையை மாற்றவும் வழி உண்டு. உடம்பு பழகும்வரை வெடிமருந்துப் பக்கம் போகாமல் வீட்டில் காகிதக் குழாய் சுற்றலாம், பெட்டி ஒட்டலாம், அச்சகத்தில் தாள் அடுக்கலாம். இந்த ஊரில் அந்த வேலைகளுக்குப் பஞ்சமில்லை.

இப்படிப்பட்ட அசைவுக் கோளாறெல்லாம் மாத்திரையால்தான் என்றும் எண்ண வேண்டாம். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தின் தாராவும் ஸ்காட்லாந்து மருத்துவர் ராபின் மெக்கிரேடியும் தமிழ்நாட்டில் செய்த ஆய்வு 1996-இல் வந்தது. மனச்சிதைவு உள்ள முதியவர்களில், வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடப் போடாதவர்களில் 38 சதவீதம் பேருக்கு வாய், கை, கால்கள் தானாக அசையும் கோளாறு இருந்தது. மாத்திரை போட்டவர்களில் 41 சதவீதம். பின்னர் சிகிச்சையே பெறாத நோயாளிகளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, அந்த அசைவு உள்ளவர்களுக்கு மூளையின் ஆழத்தில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி சற்றுப் பருத்திருந்தது. இதை உலகுக்குச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், நம் ஊரில் அத்தனை பேர் வைத்தியமே இல்லாமல் விடப்பட்டிருந்தார்கள் என்பது. பெருமைப்படவும் வேண்டும், வெட்கப்படவும் வேண்டும்.

"அந்த பெட் ஸ்கேனை எங்க பிள்ளைக்கு எடுக்கலாமா?" என்று கேட்பீர்கள். எடுக்கத் தேவையில்லை. மருத்துவமனைகளில் புற்றுநோய்க்கு எடுக்கும் பெட் ஸ்கேன் சர்க்கரையைத் தேடுவது, டோபமைனை அல்ல. டோபமைனுக்கான கார்பன்-11 இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மதுரையில் தயாரித்து அனுப்பினாலும், சிவகாசிக்குக் கார் வந்து சேரும் ஒன்றரை மணி நேரத்தில் இருபதில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அந்த வசதி வீட்டு வாசலிலேயே இருந்தாலும் பயனில்லை. ஆய்வுகளில் தெரியும் வித்தியாசம் ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் இடையிலான சராசரி. தனி ஒருவரின் படத்தைப் பார்த்து இவருக்கு நோய் இருக்கிறது, இல்லை என்று எவராலும் சொல்ல முடியாது. மனச்சோர்வுக்கு இந்த அளவு தெளிவுகூட இல்லை. செரட்டோனின் குறைவே அதற்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்று 2022-இல் வந்த ஒரு விரிவான மறுஆய்வு சொன்னது. வலிப்பு, தலைக்காயம் போன்ற சந்தேகத்தால் டாக்டரே ஸ்கேன் கேட்டால் எடுங்கள். மற்றபடி நோயைக் கண்டுபிடிப்பது, நோயாளியோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசும் மருத்துவர்தான்.

சிகிச்சைக்குப் பதில் சங்கிலி போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினார்கள். 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. அரசு செலவில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஸ்கேனுக்குக் கடன் வாங்கும் முன் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கேளுங்கள். போக முடியாவிட்டால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.