போடிமெட்டு இறக்கத்தில் ஓர் ஆற்றல் கணக்கு

‘ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது’ என்பதை எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அந்த விதியைத் தம் ஊர்ச் சாலையிலும் அவர்கள் காண வேண்டும் என்பதற்காக நான் கேட்கும் கேள்வி இது: போடிமெட்டிலிருந்து ஒரு ஜீப் சீரான வேகத்தில் இறங்குகிறது. உயரம் குறைவதால் நிலை ஆற்றல் குறைகிறது. வேகம் மாறாததால் இயக்க ஆற்றல் கூடவில்லை. குறைந்த ஆற்றல் எங்கே போனது?

தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு இது வீட்டுக் கேள்வி. பலருடைய அம்மாவும் பாட்டியும் விடியலில் ஜீப் ஏறி, மலைமேல் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய் மாலையில் இறங்குபவர்கள்.

விடையைக் கரும்பலகையில் கணக்கிடுவோம். 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையில் போடி நகரம் வரை இறங்கும் உயரம் ஏறத்தாழ 1000 மீட்டர். ஆட்களோடு ஜீப்பின் நிறை 2000 கிலோகிராம், புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்வோம். குறையும் நிலை ஆற்றல் 2000 × 10 × 1000 = 2 கோடி ஜூல். 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 2,94,000 ஜூல் போதும். அப்படியென்றால் இந்த ஆற்றல் 68 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும்!

காற்றுத் தடையும் டயர் உராய்வும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதியை பிரேக் மட்டுமே தாங்கினால் உராய்வினால் அது முழுவதும் வெப்பமாகும். அந்த வெப்பம் உலோகத்தின் வழியே கடத்தப்பட்டு பிரேக் ஆயிலை அடையும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும். ஆவியோ அழுத்தினால் சுருங்கிவிடும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் விசை சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

‘ஏறிய கியரிலேயே இறங்கு’ என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். குறைந்த கியரில் சக்கரங்கள் இன்ஜினை வேகமாகச் சுழற்ற வேண்டியிருக்கிறது. அந்தச் சுழற்சிக்கான எதிர்ப்பே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அங்கு உண்டாகும் வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறுகிறது. பிரேக் குளிர்ச்சியாக இருந்து, வளைவில் தேவைப்படும்போது உதவுகிறது.

டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குவோர் உண்டு. அப்போது இன்ஜினின் தடை அறவே இல்லை. முழுச் சுமையும் பிரேக்கின் மேல். மிச்சமும் பெரிதில்லை. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். டீசல் மிகக் குறைவாகவே செலவாகும்.

தொடக்க வகுப்புகளில் கணக்கு வேண்டாம். ஒரு நாணயத்தைச் சிமெண்டுத் தரையில் முப்பது முறை தேய்த்துப் புறங்கையில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். மெதுவாகவும் வேகமாகவும் தேய்த்து ஒப்பிடட்டும். ஓடி நின்ற வண்டியின் பிரேக்கைத் தொடக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

உயர் வகுப்பினருக்கு ஒரு வீட்டுப்பாடம்: ஆள் எண்ணிக்கை இரட்டிப்பானால் மேற்கண்ட கணக்கில் எது மாறும்? ஒருவருக்கு 50 கிலோகிராம் வீதம், கூடுதலாக ஏறும் ஒவ்வொருவரும் 5 லட்சம் ஜூல் சேர்க்கிறார் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றும் ஜீப்பைப் பற்றி வீட்டில் பேச அந்த எண் அவர்களுக்குக் கைகொடுக்கும்.