உறையாத கணினியை நம்பலாமா?

ஒரு தையற்கடையில் இரண்டு பேர். ஒருவர் கையில் கத்தரிக்கோல், மற்றவர் கையில் அளவு நாடா. துணி வெட்ட இருவருக்கும் இரண்டுமே வேண்டும். ‘நாடாவைக் கொடு, கத்தரிக்கோலைத் தருகிறேன்’ என்கிறார் இவர். ‘முதலில் கத்தரிக்கோல், அப்புறம் நாடா’ என்கிறார் அவர். கடை சாத்தும்வரை ஒரு துணியும் வெட்டுப்படாது.

இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னலுக்குள் இதே பிடிவாதம் மூண்டால் கணினி உறைந்துபோகும். இதன் பெயர் டெட்லாக். செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளான கோர்களில் இரண்டு, ஒரே நேரத்தில் ஒரே தகவலை மாற்றிக் குழப்பிவிடாதபடி, பொதுவான தகவல்களுக்குப் பூட்டு போட்டிருப்பார்கள். ஒரு கோர் ‘அ’ பூட்டைப் பிடித்துக்கொண்டு ‘ஆ’வுக்கும், இன்னொன்று ‘ஆ’வைப் பிடித்துக்கொண்டு ‘அ’வுக்கும் காத்திருந்தால் முடிந்தது கதை. ‘ஸ்பின்லாக்’ வகைப் பூட்டுக்காகக் காத்திருக்கும் கோர் தூங்குவதுகூட இல்லை. ‘திறந்தாச்சா, திறந்தாச்சா’ என்று கேட்டபடி சுற்றிக்கொண்டே இருக்கும். வேலை எதுவும் நடக்காது, சூடு மட்டும் ஏறும்.

1996இல் வெளிவந்த லினக்ஸ் 2.0 கெர்னல், பல செயலிகள் கொண்ட கணினிகளிலும் ஓடியது. அப்போது கெர்னல் முழுமைக்கும் ஒரே பெரிய பூட்டு. இரண்டாவது பூட்டு இல்லாததால் இந்த இழுபறிக்கு இடமில்லை. ஆனால் ஒரு செயலி உள்ளே இருந்தால் மற்றவை வாசலில் நிற்க வேண்டும். வேகத்துக்காக அதைப் படிப்படியாகச் சிறு பூட்டுகளாகப் பிரித்தார்கள். பெரிய பூட்டு முழுதாக விடைபெற 2011 ஆயிற்று. பூட்டுகள் பெருகியதும் பூட்டும் வரிசை பிசகும் வாய்ப்பும் பெருகியது.

மருந்து எளிது. எல்லோரும் முதலில் ‘அ’, பிறகு ‘ஆ’ என்ற வரிசையில் எடுத்தால் போதும். பல நேரம் நாலைந்து வரி மாற்றம்தான். அது பலித்ததா என்று அறிவதுதான் பெரும்பாடு. இரண்டு கோர்களும் கண்ணிமைப்பதற்கும் குறைவான ஓர் இடைவெளியில் மோதினால்தான் பிழை தலைகாட்டும். வேவு பார்க்க ஒரு வரி நிரல் சேர்த்தாலே நேரக்கணக்கு மாறி அது ஒளிந்துகொள்ளும்.

கணக்கு இங்கே கைகொடுக்கிறது. ஒரு கணினி சராசரியாக மணிக்கு ஒருமுறை, எப்போது என்று சொல்ல முடியாதபடி உறைகிறது என்று வையுங்கள். திருத்திய பின் ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடினால் மகிழ முடியாது. திருத்தம் வீணாகவே போயிருந்தாலும் அப்படி ஓட 37 சதவீத வாய்ப்பு உண்டு. மூன்று மணி நேரம் ஓடினால் அந்த வாய்ப்பு 5 சதவீதமாகக் குறையும். மாதம் ஒருமுறை வரும் பிழை என்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அல்லது 90 கணினிகளை ஒரு நாள் ஓட்ட வேண்டும்.

அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? ஆகவே பிழையைச் சீண்டி அடிக்கடி வரவழைக்கிறார்கள். கோர்களின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு வேலைகளை ஏவுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கோர்களை அணைத்து அணைத்துப் போடுவார்கள். லினக்ஸின் ‘லாக்டார்ச்சர்’ என்ற கருவி, பூட்டுகளை விடாமல் எடுத்து விடுவித்து, சில சமயம் வேண்டுமென்றே நீண்ட நேரம் பிடித்தும் வைத்திருக்கும்.

அப்போதும் ஒரு சந்தேகம் மிஞ்சும். திருத்தம் பிழையை நீக்காமல், நேரத்தைச் சற்றே நகர்த்தி அதை அரிதாக்கியிருக்கலாம் அல்லவா? இங்கோ மோல்னார் முன்னின்று உருவாக்கி 2006இல் லினக்ஸில் சேர்ந்த ‘லாக்டெப்’ இதற்கு உதவுகிறது. அது மோதலுக்காகக் காத்திருப்பதில்லை. எந்தப் பூட்டுக்குப் பின் எந்தப் பூட்டு என்று குறித்துவைத்து, தலைகீழ் வரிசை எப்போதாவது ஒருமுறை தென்பட்டாலே எச்சரிக்கும். ஆனால் சோதனையில் ஓடாத பாதையை அதனாலும் பார்க்க முடியாது.

அதனால் திருத்தாத பழைய கெர்னலையும் அதே சோதனைக்கு உட்படுத்த வேண்டும். அதுவும் உறையாமல் ஓடினால், சோதனை அந்தப் பிழையைத் தொடவே இல்லை என்று பொருள். பழையது திரும்பத் திரும்ப உறைந்து, புதியது கணக்குப்படி போதிய நேரம் ஓடினால் மட்டுமே அந்த ஓட்டத்தை நம்பலாம்.